பதின்மூன்றாம் எண்ணிலிருந்து

ஹைதராபாத்
14.7.1997

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் மான்களும் நலமென்றே வைத்துக்கொண்டு நேராகத் திட்ட ஆரம்பிக்கிறேன்.

பார்சல் வந்தது. பன்னிரண்டு குழாய்களும் உடையவில்லை, அந்த மட்டும் சந்தோஷம். ஆனால் மூன்றில் மூடியைச் சரியாகத் திருகாமல் ஸ்பிரிட் முழுக்க ஒழுகியிருக்கிறது. பென்சிலால் எழுதுங்கள் என்று தலையால் அடித்துக்கொண்டேன். நீங்கள் பேனாவால் எழுதியதில் மை கரைந்து, ஐந்தாம் எண் பெட்டையா கடாவா என்று தெரியவில்லை. பத்து ஏக்கருக்குத் தண்ணீர் கட்டுகிற மனிதருக்கு ஒரு மூடியைத் திருகத் தெரியாதா?

ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்று மறுபடியும் சொல்கிறேன். நம் மேய்ச்சல் காட்டைச் சுற்றி மில்லும் ரோடும் வந்து அடைத்துவிட்டன. வெளியிலிருந்து ஒரு மான் உள்ளே வர வழியில்லை. இருக்கிற எண்பது தொண்ணூறும் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொள்கின்றன. நாம் ஒரே கூட்டத்துக்குள், பங்காளி வீட்டில், பெண் எடுப்போமா? அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை. எவ்வளவு நெருங்கிவிட்டன என்று தெரிந்தால்தான் வேறு ஊர்க் கடா நாலைந்தைக் கொண்டுவந்து விடவேண்டுமா, வேண்டாமா என்று சொல்ல முடியும். முன்பென்றால் இதற்கு மானைப் பிடித்து ரத்தம் எடுக்கவேண்டும். இப்போது புழுக்கையின் மேல்பூச்சில் ஒட்டியிருப்பதே போதும். நான்கு வருடமாக நான் இங்கே உட்கார்ந்து பழகியது அதைத்தான். என் டாக்டர் பட்டமும் அதில்தான் இருக்கிறது.

இன்னும் நாற்பத்தெட்டு வேண்டும். விடிந்ததும் சின்னத்தாயியைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆடு மேய்த்து மேய்த்து அவளுக்கு ஒவ்வொரு மானும் முகம் தெரியும். மான் போடுவதைக் கண்ணால் பார்த்தபிறகு எடுங்கள். ஒரு மானுக்கு ஒரு குழாய். வேலமரத்தடியில் பெரிய குவியல் கிடக்குமே, அதைத் தொடவே தொடாதீர்கள். அந்த இடத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிற கடா ஒன்றே தினமும் வந்து போடுகிற குவியல் அது. அதில் நூறு எடுத்தாலும் ஒரு மானைத்தான் நூறு தடவை எண்ணியதாகும்.

காய்ச்சல் என்று எழுதியிருந்தீர்களே, விட்டதா?

அன்புடன்,
சாந்தாமணி


காரைக்காட்டுப்பாளையம்
அவினாசி வழி
2.8.1997

அன்புள்ள சாந்தாமணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எண்ணிப் பார்த்தேன். முப்பத்தாறு வரி. அதில் முப்பத்தைந்து வரி புழுக்கை. கடைசி ஒரு வரி, கட்டிய புருஷன் நான்.

காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகிறது. சின்னத்தாயிதான் கஞ்சி வைத்துக்கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். நீ கேட்டதற்காகச் சொல்கிறேன், கேட்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

உன் பன்னிரண்டு குழாய்க்கு நான் பதினேழு நாள் நடந்தேன். மான் எழுந்து நின்று, உடம்பை உதறி, நம்மைப் பார்த்து, போடலாமா வேண்டாமா என்று யோசித்துப் போடுகிற வரைக்கும் கிளுவை வேலி ஓரம் குத்தவைத்து உட்கார்ந்திருக்கவேண்டும். ரோட்டில் போகிறவன் எல்லாம் சைக்கிளை நிறுத்துகிறான். "ஏனுங்க மாப்பிள்ளை, காலங்காத்தால மானுக்குப் பின்னால என்னத்தத் தேடறீங்க?" என்கிறான். "அம்மிணி லெட்டர் போட்டிருக்குது" என்கிறேன். சிரித்துக்கொண்டே போகிறான். அதற்கு நான் கோபப்படவில்லை. மூடி திருகத் தெரியாதா என்று கேட்டாயே, அதற்குத்தான் கோபம்.

போர் தண்ணீர் கீழே போய்விட்டது. கடலையில் பாதியை உன் மான்களே தின்றுவிட்டன. நான் விரட்டவில்லை, அதையும் எழுதிக்கொள். தீபாவளிக்கு வருகிறாயா? வருவதாக இருந்தால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறேன்.

உன் மாமா,
திருமலைசாமி


காரைக்காட்டுப்பாளையம்
21.10.1997

அன்புள்ள சாந்தாமணிக்கு,

தீபாவளிக்கு வர முடியாது என்று தந்தியில் நான்கு வார்த்தை அனுப்பியிருந்தாய். சுண்ணாம்பு அடித்து முடித்த அன்று வந்தது.

13 முதல் 60 வரை நாற்பத்தெட்டுக் குழாயும் பார்சலில் வருகிறது. எல்லாம் பென்சிலில் எழுதியிருக்கிறேன். மூடியையும் இறுக்கித் திருகியிருக்கிறேன். இனி கேட்காதே.

திருமலைசாமி


ஹைதராபாத்
9.2.1998

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கலுக்கும் வராததற்குத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். திட்டுங்கள். ஆனால் இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அறுபது குழாயும் வேலை செய்துவிட்டன. நீங்கள் அனுப்பிய இரண்டாம் தவணை கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. ஒரு மூடிகூட ஒழுகவில்லை. என் வழிகாட்டி, "உங்கள் வீட்டுக்காரரை இங்கே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

நான் பார்த்தது மரபணுவில் அம்மாவிடமிருந்து மட்டும் குட்டிக்கு வருகிற ஒரு பகுதியை. நாம் கூட்டம் பார்ப்பது அப்பா வழி. இதை அம்மா வழிக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபதில் ஐம்பத்திரண்டு ஒரே அம்மா வழி. மீதி எட்டு, மூன்று வழிகளாகச் சிதறிக் கிடக்கிறது. நம் காட்டு மான் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தாயின் மக்கள் என்று அர்த்தம். நான் பயந்ததைவிட மோசம். ஒரு நோய் வந்தால் மொத்தமாகப் போய்விடும்.

மார்ச்சில் கோயமுத்தூரில் ஒரு வனத்துறைக் கமிட்டி இதைக் கேட்கப்போகிறது. நாலைந்து கடாக்களை வெளியிலிருந்து கொண்டுவரச் சொல்லலாம் என்றிருக்கிறேன். இத்தனை வருடம் நம்மைப் பிரித்துவைத்த வேலை வீண் இல்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது. உங்களால்தான் மாமா.

அன்புடன்,
சாந்தாமணி


காரைக்காட்டுப்பாளையம்
19.4.1998

சாந்தாமணிக்கு,

மார்ச் பதினெட்டாம் தேதி நீ கோயமுத்தூரில் இருந்தாய். பேப்பரில் உன் போட்டோவைப் பார்த்து நாவிதர் கடையில் எனக்குச் சொன்னார்கள். அங்கிருந்து நம் ஊருக்கு ஒன்றரை மணி நேர பஸ். நீ ரயிலேறிப் போய்விட்டாய். அதை விடு. அதைப் பற்றி எழுத உட்காரவில்லை.

முந்தாநாள் அந்தக் கமிட்டி ஆட்கள் மூன்று லாரியில் வந்தார்கள். நாலு கடாவைக் கொண்டுவந்து விடப்போகிறார்கள் என்றுதானே நீ எழுதினாய். அவர்கள் கொண்டுவந்தது வலை. "இந்த மந்தை கெட்டுப்போன மந்தைங்க, டாக்டரம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்க. புடிச்சு வேற ஊர்ப் பெரிய மந்தையோட சேத்திரப் போறோம்" என்றான் அவர்களில் பெரியவன். ஊர்க்காரர்கள் விடமாட்டோம் என்று வேலி ஓரம் நின்றார்கள். உன் பெயர் போட்ட காகிதத்தைக் காட்டினான். "அட, நம்ம சாந்தாமணி எழுதுனதா" என்று எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள். வேலிப் படலைத் திறந்துவிட்டது நான்.

தகரம் தட்டி விரட்டினார்கள். வலையில் விழுந்தது இருபத்து மூன்று. அதில் பதினொன்று அங்கேயே செத்தது. ஒரு காயம் இல்லை. பயந்தே செத்தது. மற்ற பன்னிரண்டை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சின்னத்தாயி ஒரு பெட்டையின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க, இது சினை மானுங்க. தாய்க்கு மூச்சு நின்னு போச்சு, உள்ள குட்டி இன்னும் அசையுதுங்க. என்னங்க பண்றது?" என்று என்னைக் கேட்டாள். நான் என்ன பண்ணுவது? உன்னைக் கேட்கிறேன், என்ன பண்ணுவது?

மே பத்தாம் தேதி மிச்சத்தைப் பிடிக்க வருகிறார்களாம்.

திருமலைசாமி


ஹைதராபாத்
24.4.1998

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. ஆனால் கொலைகாரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்காதீர்கள். வலை போடச் சொல்லி நான் எழுதவில்லை. கடா கொண்டுவரத்தான் எழுதினேன். பாதிக்குமேல் கெட்டுப்போன மந்தைக்கு நாலு கடா எந்த மூலைக்கு என்று அவர்கள் கேட்டார்கள். என் எண்களை வைத்தே கேட்டார்கள்.

பதினொன்று செத்தது கொடுமை. பிடித்த விதம் தப்பு, அதைக் கண்டித்து எழுதிவிட்டேன். ஆனால் பிடிக்க வேண்டிய காரணம் தப்பில்லை. அவை அங்கேயே இருந்தால் இருபது வருடத்தில் எல்லாமே போகும். கண்ணீர் விடுவது சுலபம் மாமா. சின்னத்தாயி விடலாம், நீங்களும் விடலாம். எனக்கு அந்தச் சலுகை இல்லை. என்னிடம் அறுபது குழாய் இருக்கிறது. அதில் ஐம்பத்திரண்டு ஒரே விஷயத்தைச் சொல்கிறது. அந்தச் சாட்சியை எடுத்து அனுப்பியது நீங்கள்தானே. இப்போது என்மேல் பாய்ந்தால் எப்படி?

சாந்தாமணி


காரைக்காட்டுப்பாளையம்
28.4.1998

சாந்தாமணிக்கு,

சாட்சி என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சாட்சியைப் பற்றிக் கேட்டுக்கொள்.

13 முதல் 60 வரை வேலமரத்தடிக் குவியல்.

அக்டோபர் இருபதாம் தேதி உன் தந்தி வந்தது. நான்கு வார்த்தை. கையில் சுண்ணாம்பு மட்டையோடு நின்று படித்தேன். மறுநாள் காலை உன் நாற்பத்தெட்டுக் குழாயையும் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சின்னத்தாயி ஓடிவந்தாள். "ஏனுங்க, அம்மிணி அதத் தொடக்கூடாதுன்னு சொல்லுச்சுங்களே" என்றாள். "உன்ர வேலையப் பாரு" என்றேன். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். ஒவ்வொரு மூடியையும் இறுக்கித் திருகினேன். மூடி இறுக்கமாக இருந்தால் உனக்குப் போதும் என்று நினைத்தேன். அதுபோலவே உனக்குப் போதுமாக இருந்தது.

ஒரே ஒரு கடாவை நீ நாற்பத்தெட்டு மானாக எண்ணிவிட்டாய். அதை வைத்து ஊரையே கூட்டிப் பேசியிருக்கிறாய். பிப்ரவரியில் உன் கடிதம் வந்தபோதே சொல்லியிருக்கவேண்டும். உங்களால்தான் மாமா என்று எழுதியிருந்தாய். எத்தனையோ வருடம் கழித்து நீ என்னைப் பார்த்துச் சொன்ன நல்ல வார்த்தை. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

நான் செய்தது பாவம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு படித்த உனக்கு அது தெரியாமல் போனது எப்படி? மான் வம்சம் அற்றுப்போய்விடுமே என்று பதைக்கிறாய். பதினோரு வருடமாக இந்த வீட்டில் ஒரு தொட்டில் ஆடவில்லையே, அதற்கு நீ எந்த ஆய்வகத்தில் உட்கார்ந்து பதைத்தாய்?

மே பத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நான் போய்ச் சொன்னால் அவர்கள் நம்பவில்லை. "டாக்டரம்மா எழுதிக் குடுக்கட்டுங்க" என்கிறார்கள்.

திருமலைசாமி


ஹைதராபாத்
3.5.1998

திருமலைசாமி அவர்களுக்கு,

என் அறிக்கை முழுவதும் தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று கமிட்டிக்கு நேற்றே தந்தி கொடுத்துவிட்டேன். இன்று கையெழுத்திட்ட கடிதமும் போகிறது. அதன் நகல் இத்துடன் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். மே பத்தாம் தேதி யார் வந்தாலும் இதைக் காட்டிப் படலைச் சாத்துங்கள். என் வழிகாட்டியிடமும் சொல்லிவிட்டேன். என் பதிவை ரத்து செய்வார்கள். செய்யட்டும்.

தொட்டில் பற்றி எழுதியிருந்தீர்கள். இரண்டு தடவை கலைந்தது. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதேன். பிடித்திருந்த கை உங்களுடையதுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கோபத்தில் எழுதினீர்கள், தெரியும். குவியலில் எடுத்ததும் கோபத்தில்தான். உங்கள் கோபத்தில் பதினொரு மானும் நானும் ஒன்றாக விழுந்தோம்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். எனக்குத் தெரியாமல் போனது எப்படி என்று கேட்டீர்கள். தெரியாமல் போகவில்லை.

மார்ச் கூட்டத்துக்கு நாலு நாள் முன்பு அட்டவணையை எண் வரிசையில் போட்டேன். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு அம்மா வழி. பதின்மூன்றிலிருந்து அறுபது வரை ஒரே வழி, ஒன்றுகூடத் தப்பாமல். சிதறிய எட்டும் முதல் பன்னிரண்டுக்குள்ளேயே இருந்தன. கல்லூரியில் நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்குக்கூட இது உறுத்தும். எனக்கும் உறுத்தியது. எப்படி எடுத்தீர்கள் என்று உங்களுக்கு ஒரு தந்தி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. நான்கு வருடம் கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு முதல் தடவையாக ஒரு பதில் கிடைத்திருந்தது. எண் வரிசையைக் கலைத்து, வழிவாரியாக மாற்றி டைப் அடித்தேன். அப்படிப் போட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியவும் இல்லை.

அதனால்தான் கோயமுத்தூர் வரை வந்தும் வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

சாந்தாமணி


ஹைதராபாத்
10.12.1998

திருமலைசாமி அவர்களுக்கு,

உங்கள் நான்கு கடிதங்களும் வந்தன. பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது.

ஜூலையில் நான் வந்தது உங்களுக்குத் தெரியும். அவினாசியில் ஒரு லாட்ஜில் தங்கி, சின்னத்தாயியுடன் முப்பத்தொரு நாள் காடு முழுக்க நடந்து, மிச்சமிருந்த மானுக்கு ஒன்றாக ஐம்பத்தெட்டுக் குழாய் எடுத்தேன். ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்து எடுத்தது. நீங்கள் தூக்குப்போசியுடன் தினமும் வரப்பில் நின்றதையும் பார்த்தேன். சின்னத்தாயி, "அம்மிணி, அய்யன் சோறு கொண்டாந்திருக்காருங்க" என்று ஒவ்வொரு நாளும் சொன்னாள். ஒரு நாளும் நான் திரும்பவில்லை. திரும்பினால் சாப்பிட்டிருப்பேன்.

செத்துப்போன பதினொன்றின் காதிலிருந்து நீங்கள் வெட்டி, ஸ்பிரிட்டில் போட்டுவைத்திருந்த துண்டுகளையும் சின்னத்தாயி கொடுத்தாள். அதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. நீங்களாகச் செய்திருக்கிறீர்கள். நன்றி.

எல்லாம் படித்து முடிந்துவிட்டது. நம் காட்டு மந்தை கெட்டுப்போன மந்தை இல்லை. அதில் ஐந்து அம்மா வழி இருந்தது. இந்தச் சின்ன இடத்தில் இத்தனை வழி இருக்கும் என்று இங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. கடா கொண்டுவரவும் வேண்டாம், மந்தையைக் கொண்டுபோகவும் வேண்டாம். இருந்த இடத்தில் விட்டிருந்தாலே போதும்.

இருந்தது என்று எழுதியிருக்கிறேன். ஐந்தாவது வழி செத்தவற்றில் 2, 6, 9 என்று நீங்கள் எண் போட்ட மூன்று பெட்டைகளிடம் மட்டும் இருந்தது. உயிரோடு இருப்பவற்றில், லாரியில் போன பன்னிரண்டையும் சேர்த்து, ஒன்றிடமும் இல்லை. நான்கு முறை மறுபடியும் பார்த்தேன். இல்லை. ஒரு கடாவிடம் இருந்தாலும் பயனில்லை, அது தாயிடமிருந்துதான் போகும். எத்தனையோ ஆயிரம் வருடமாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டிருந்த ஒன்றை நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பகலில் முடித்துவைத்தோம். நீங்கள் என்மேல் இருந்த கோபத்தில். நான் பட்டத்துக்கு இருந்த அவசரத்தில். யார் பங்கு எவ்வளவு என்று இனிப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இந்த அறிக்கை வேறொருவர் பெயரில் போகிறது. சரிதான். கமிட்டி மந்தையைத் தொடுவதில்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டது. பதிலுக்கு, ஐந்து வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை எடுத்துக் கொடுக்கவேண்டும். நானும் சின்னத்தாயியும் எடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பத்து நாள். நம் நிலத்தில் நடக்க உங்கள் அனுமதி வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். நான் அவினாசியிலேயே தங்கிக்கொள்கிறேன். தயவுசெய்து வரப்பில் வந்து நிற்காதீர்கள். சோறு கொண்டுவராதீர்கள். உங்களைப் பார்த்தால் அந்தப் பதின்மூன்றாம் எண் ஞாபகம் வருகிறது. கண்ணாடியில் என்னைப் பார்த்தாலும் அதே எண்தான். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

சாந்தாமணி


காரைக்காட்டுப்பாளையம்
17.12.1998

சாந்தாமணிக்கு,

உன் கடிதத்தைச் சின்னத்தாயிக்கும் படித்துக் காட்டினேன். ஐந்தாவது வழி எந்தப் பெட்டைகள் என்று கேட்டாள். துண்டில் நான் போட்டிருந்த எண்ணைச் சொன்னேன். எண் அவளுக்குத் தெரியாது. எந்த இடத்தில் விழுந்து கிடந்தவை என்று சொன்னதும் புரிந்துகொண்டாள். சினையாக இருந்ததும் அதில் ஒன்று.

கடிதத்தைப் படித்து ஒரு நாள் உன்மேல் கோபப்பட்டேன். என் நிலத்தில் நானே நிற்கக்கூடாதா என்று கத்தினேன். கேட்க ஆளில்லை. மறுநாள் ஆறிவிட்டது.

அனுமதி என்று என்னிடம் கேட்காதே. நிலம் உன்னுடையதும்தான். ஆனால் அவினாசி லாட்ஜ் வேண்டாம். அங்கிருந்து விடியுமுன் வர உனக்கு பஸ் கிடையாது. ஜூலையில் நாலு கிலோமீட்டர் நீ தனியாக நடந்து வந்தது எனக்குத் தெரியும். உன் வீட்டிலேயே தங்கு. எண்ணெயும் அரிசியும் இருக்கும். சாவி சின்னத்தாயியிடம் கொடுத்திருக்கிறேன்.

நீ வருகிற தேதியை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு. முந்தின நாளே நான் சிங்காநல்லூர் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறேன். நீ ரயில் ஏறிவிட்டாய் என்று சின்னத்தாயி சொல்லி அனுப்பியபிறகுதான் வருவேன்.

திருமலைசாமி